மூட விடாத ஜன்னல்

இதை நான் யார் வாயிலேயோ கேட்டு உங்ககிட்ட ஒப்பிக்கலை. பெங்களூரு ஜோகுபாளையத்துல லீனா குடியிருந்த அதே வீட்டு மாடியிலதான் நான் இருக்கேன். பேரு பவுலின். யாரை வேணா கேட்டுப் பாருங்க. லீனாவோட குதிகால் காயத்துக்கு மருந்து போட்டது இந்தக் கைதான். நடந்தது அத்தனையும் அவ என் மடியில தலை வெச்சு அழுதுக்கிட்டே சொன்னது. ஒரு சொல்லு கூட்டலை, ஒரு சொல்லு குறைக்கலை.

லீனா ஸ்கூல் டீச்சர். புருஷன் டேரில் ஒரு கம்பெனியில பதினொரு வருஷம் மாடா உழைச்சாரு. ஒரு நாள் காலையில வேலை இல்லைன்னு மெயில் வந்துச்சு. சாயங்காலம் ஐடி கார்டைக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. அதுக்கப்புறம் ஆறு மாசம் அந்த மனுஷன் ஹால்ல சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாரு. சாப்பிடுங்கன்னா சாப்பிடுவாரு. படுங்கன்னா படுப்பாரு. லீனா ஸ்கூலுக்குக் கிளம்பும்போது எந்த நாற்காலியில இருந்தாரோ, திரும்பி வரும்போதும் அதே நாற்காலி. அவ சமையல் கத்தியை எல்லாம் எடுத்து ஒளிச்சு வெச்சிருந்தா. அவ்வளவு பயம் அவளுக்கு.

அப்புறம் எங்கேயோ வீடியோ பார்த்து இந்த ரெசின் வேலையைப் பிடிச்சாரு. ரெண்டு திரவத்தைக் கலந்து ஊத்தினா ஒரு நாள்ல கண்ணாடி மாதிரி இறுகிடும். கல்யாண மாலையைக் காய வெச்சு, மரச் சட்டத்துல அடுக்கி, மேல இதை ஊத்திக் குடுத்தா, பொண்ணும் மாப்பிள்ளையும் ஆயுசுக்கும் சுவத்துல மாட்டி வெச்சுக்கலாம். வீட்டுக்குப் பின்னாடி இருந்த பழைய கார் ஷெட்டையே பட்டறையா ஆக்கிட்டாரு. முதல் மாலை நல்லா வந்த அன்னிக்கு விசில் அடிச்சுக்கிட்டே படியேறி வந்து என்கிட்ட காட்டினாரு. கீழ நின்னுக்கிட்டு லீனா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

அவளுக்கு வேண்டியது அது ஒண்ணுதான். அவர் மறுபடியும் அந்த நாற்காலிக்குப் போயிடக் கூடாது.

டிசம்பர் வந்துச்சு. நம்ம ஊர் குளிர் உங்களுக்கே தெரியும், விடிகாலையில பதிமூணு, பதினாலு டிகிரின்னு இறங்கிடும். ரெசினுக்குக் குளிரே ஆகாது. சூடு குறைஞ்சா இறுகாது, பால் மாதிரி வெளுத்துப் போயிடும். ஹீட்டர் போட்டாங்க. போட்ட பத்தாவது நிமிஷம் வீடு மொத்தமும் கரண்ட் போச்சு. வீட்டுக்காரர் கோவிந்தப்பா ஓடி வந்து, "ஹீட்டர் எல்லாம் பேடா, வேண்டாம் மேடம், வயரிங் பழசு"ன்னு குதிச்சாரு. மகராசன், வயரிங்கை மாத்தித் தரேன்னு ஒரு வார்த்தை வாயில வரலை.

கடைசியில லீனாதான் யோசனை சொன்னா. தெருமுனையில இஸ்திரி வண்டி போட்டிருக்கிற அய்யாவுகிட்ட கரி கேக்கலாம்னு. ஒரு இரும்புச் சட்டி நிறைய கங்கு போட்டுக் குடுத்தாரு அய்யாவு. "வெளியில வெச்சுக் குளிர் காயுங்கம்மா. அடைச்ச ரூம்ல வேண்டாம்"னாரு. கிழவர் எதுக்கெடுத்தாலும் ஏதாவது சொல்லுவாரு, புகையே இல்லாத கங்குக்கு என்ன பயம்னு லீனா தலையாட்டிட்டு வந்துட்டா.

ஷெட்டுக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல். தூசு படக் கூடாதுன்னு ரெண்டையும் இறுக்கி மூடுவாங்க. சட்டியில கங்கை நிரப்பிட்டு ராத்திரி வீட்டுக்குப் போய்ப் படுத்துடுவாங்க. சுவத்துல ஒரு வெப்பமானி. இருபத்தாறு காட்டும். ரெசினுக்கு அது தேவாமிர்தம்.

டிசம்பர் பன்னிரண்டு. காலை 5.10. லீனா போய்ப் பார்த்தா, ஜன்னல் விரியத் திறந்திருக்கு. வெப்பமானியில பதினேழு. மாப்பிள்ளை மாலை பாலா வெளுத்துப் போச்சு. ஸ்னேஹான்னு ஒரு பொண்ணோட கல்யாண மாலை அது. இன்னொண்ணு செஞ்சு தர முடியுமா? மாலை ஒண்ணுதானே.

"நீ கொண்டி போடலை"ன்னாரு டேரில்.

"போட்டேங்க. சத்தியமா போட்டேன்."

அவர் திரும்பி நடந்தாரு. ஹாலுக்குப் போனாரு. அந்த நாற்காலியில உட்கார்ந்தாரு.

பதினாலாம் தேதி. வெறும் ரெசினை ஊத்திச் சோதிச்சுப் பார்க்கலாம்னு அவரைக் கையைப் பிடிச்சு எழுப்பிக் கூட்டிட்டு வந்தா. கொண்டியைக் கம்பியால அஞ்சு சுத்து சுத்தி முறுக்கினா. விரல் கிழிஞ்சு ரத்தம் வர்ற வரைக்கும் முறுக்கினா.

காலை 4.50. ஜன்னல் திறந்திருக்கு. கம்பி அறுபடலை. யாரோ பொறுமையா பிரிச்சு, நேராக்கி, ஜன்னல் விளிம்புல வெச்சிருக்காங்க. இறுகாத ரெசின் மேல நாலு விரல் தடம். பெரிய ஆம்பளை விரல். டேரில் விரல் ஒல்லி.

வேற பொம்பளையா இருந்தா அலறியிருப்பா. லீனாவுக்குக் கோவம்தான் வந்துச்சு. "பேயோ பிசாசோ, அதுக்கு எங்க வயித்துல அடிக்கிறதுதான் வேலையா?"ன்னு என்கிட்ட கத்தினா. நான் வேற, எரியிற கொள்ளியில எண்ணெய் ஊத்தினேன். "சும்மா விடாதடி"ன்னேன். என் வாயில புத்து வைக்க.

பதினேழாம் தேதி ரெண்டு பேரும் ஷெட்டுலயே காவல் இருந்தாங்க. பொண்ணோட மாலைக்கு முதல் அடுக்கு ஊத்தியாச்சு. மிச்சம் இருக்கிறது அந்த ஒரு மாலைதான். கிறிஸ்மஸுக்கு முன்னாடி ஸ்னேஹா வெளிநாடு கிளம்பறா.

மணி நாலு. டேரில் மடக்குக் கட்டில்ல சாய்ஞ்சாரு. தலை வலிக்குதுன்னாரு. லீனாவுக்கும் வலிச்சுது, நெத்தியில கயிறு போட்டு இறுக்கின மாதிரி. தூக்கமில்லாத வலின்னு நினைச்சா.

4.25. யாரோ இருமினாங்க.

டேரில் இல்லை. அவர் வாய் திறந்து தூங்கறாரு.

மறுபடியும் இருமல்... காய்ஞ்ச இருமல். ஜன்னலுக்குக் கீழ இருந்து. அங்க யாரும் இல்லை.

எழுந்திருக்கப் பார்த்தா. கால் வரலை. கத்தப் பார்த்தா. நாக்கு புரளலை.

4.32. கொண்டி அசைஞ்சுது.

டக்.

கொஞ்சம் நின்னுது.

டக்... டக்...

ஈரக் காத்து முகத்துல அடிச்சுது. அப்புறம்... ரெண்டு கை. அக்குள்ல. ஐஸ் மாதிரி.

அதோட அவளுக்கு நினைவு போச்சு.

5.15-க்குத் தண்ணி பிடிக்க நான்தான் இறங்கி வந்தேன். துணி துவைக்கிற கல்லு பக்கத்துல ரெண்டு பேரும் மல்லாந்து கிடக்கறாங்க. மேல பனி. நான் போட்ட கத்தல்ல தெருவே முழிச்சுக்கிச்சு. தண்ணி தெளிச்சு எழுப்பினேன். எழுந்ததும் ரெண்டு பேரும் வாந்தி எடுத்தாங்க. ரெண்டு பேரோட குதிகாலும் தோல் உரிஞ்சு கிடந்துச்சு. ஷெட் வாசல்லேருந்து கல்லு வரைக்கும், மண்ணுல நாலு கோடு. தரதரன்னு இழுத்துட்டு வந்த கோடு.

நான் குதிகாலுக்கு மருந்து போட்டேன். அவ முகத்துல பயமே இல்லை. "பார்த்தீங்களா அக்கா, எங்க இடத்துலேருந்தே எங்களைத் தூக்கி வெளியில எறியுது. இனிமே நானா அதுவா பார்த்துடறேன்"னா. ஒருத்தருக்காவது ஆஸ்பத்திரி நினைப்பு வந்துச்சா? வரலையே! பேய் அடிச்ச வாந்திக்கு டாக்டர்கிட்ட யாரு போறாங்க?

பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் லீனா கூப்பிட்டு ஃபாதர் ஆம்ப்ரோஸ் வந்தாரு. போன ஜூன்லதான் எங்க கோவிலுக்கு மாத்தலாகி வந்தவரு, நல்ல மனுஷன். நாலு மூலையிலயும் தீர்த்தம் தெளிச்சாரு. ஜன்னல்கிட்ட மட்டும் ரொம்ப நேரம் நின்னு ஜெபம் பண்ணினாரு. "இங்க இருக்கிறது எதுவா இருந்தாலும் ஆண்டவர் பேரால வெளியில போகட்டும்"னாரு. நாங்க எல்லாரும் ஆமென் சொன்னோம். லீனாதான் சத்தமா சொன்னா.

ஜன்னல் படபடன்னு ஒரு தடவை அடிச்சுக்கிச்சு. அப்புறம் அமைதி. ரூமே காலியான மாதிரி ஒரு அமைதி.

அன்னிக்கு டேரில் கடைசி அடுக்கை ஊத்தினாரு. கங்கு அணையாம பார்த்துக்கறேன்னு கட்டில்லயே படுத்துக்கிட்டாரு. லீனா ஜன்னலைச் சாத்தி, கொண்டி போட்டு, இடுக்கு எல்லாத்துலயும் டேப் ஒட்டினா. சொட்டுக் காத்து வராத மாதிரி. "இனிமே ஒரு பயமும் இல்லைங்க"ன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்தா. எத்தனையோ நாளைக்கப்புறம் அன்னிக்குத்தான் அவ அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினா.

காலை 6.10. காபியோட போய்க் கதவைத் திறந்தா.

ஜன்னல் மூடி இருந்துச்சு. டேப் கூட அசையலை.

ரூம் கதகதன்னு இருந்துச்சு. இருபத்தேழு. மாலை... அப்படியே கண்ணாடி. ஒரு குமிழ் இல்லை. ரோஜா இதழ் ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரிஞ்சுது. "ஆண்டவரே, ஸ்தோத்திரம்"னா லீனா.

டேரில் முகம் நல்லா செவந்து, சின்னப் புள்ளை மாதிரி இருந்துச்சு. ஆறு மாசமா வெளுத்துக் கிடந்த முகம். தூங்கட்டும், பாவம்... அப்படின்னு போர்வையை இழுத்து விட்டா. காபியைப் பக்கத்துல வெச்சா. சூடு வெளியில போயிடக் கூடாதுன்னு கதவைச் சாத்திட்டு வந்தா.

சாத்திட்டு வந்துட்டா.

7.05-க்குத் திரும்பப் போனா. காபியில ஆடை படிஞ்சிருந்துச்சு.

ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னாரு. அடைச்ச ரூம்ல கரி கங்கு விஷக் காத்தாம். வாசனை கிடையாது, புகை கிடையாது. தலை வலிக்கும், கால் விழுந்து போகும், அப்படியே தூக்கத்துலயே ஆளைக் கொண்டு போயிடும். முகம் செவந்து போறது அதனாலதானாம். உயிர் போய் நாலு மணி நேரத்துக்கு மேல ஆகியிருக்கும்னாரு. அவ போர்வை இழுத்து விட்டப்போ உள்ள ஒண்ணும் இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு கோவிந்தப்பா வந்தாரு. வாசல்லயே நின்னாரு. லீனா முகத்தைப் பார்க்கலை.

"மேடம்... முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்பாயிடுச்சு."

"என்ன?"

"ஏழு வருஷம் முன்னாடி. என் கார் டிரைவர் கிளெமென்ட். ஷெட்டுலதான் இருந்தான். ஜனவரிக் குளிரு. கரி போட்டுட்டு, ஜன்னல் மூடிட்டுப் படுத்துட்டான். காலையில பார்த்தா ஜன்னலுக்குக் கீழ கிடந்தான். ஒரு கை மேல தூக்கியே விறைச்சுப் போயிருந்துது. கொண்டி எட்டலை. நாலு விரல் தூரம்தான் மேடம்."

நான் இங்க வந்து அஞ்சு வருஷம்தான் ஆகுது. இந்த ஆளு ஒரு நாள் மூச்சு விட்டிருப்பாரா? வாடகைக்கு ஆள் வராதுன்னு முழுங்கிட்டாரு.

"அதுக்கப்புறம் ரெண்டு மூணு பேர் ஷெட்டுல தங்கினாங்க. குளிருக்குக் கரி போட்டாங்க. ஜன்னல் மூட விடலைன்னு பயந்து ஓடிட்டாங்க. ஆனா மேடம்... ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை."

லீனா அழலை. எழுந்தா, செருப்பைக் கூடப் போடாம நடந்தா. நான் பின்னாலயே ஓடினேன். நேரா கோவிலுக்குப் போனா. ஃபாதர் ஆம்ப்ரோஸ் மெழுகுவத்தி எல்லாம் அணைச்சுக்கிட்டிருந்தாரு.

"அன்னிக்குச் சொன்ன ஜெபத்தைத் திரும்ப எடுத்துக்க முடியுமா ஃபாதர்?"

"எதுக்கும்மா?"

"ஷெட்டுல செத்துப் போன கிளெமென்ட், நம்ம வேதக்காரப் பையன் ஃபாதர். எங்களை அக்குள்ல கை குடுத்து இழுத்து வெளியில போட்டவன். நாமதான் அவனைத் துரத்திட்டோம். இந்தக் குளிர்ல அவன் எங்க போவான்?"