மதகு இல்லாத ஏரி

ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் எங்களை ஆல்ப்ஸ் மலைக்குக் கூட்டிப்போனான். அங்கே ஏரிக்கரையில் ஒரு பழைய ஊர். மலைச்சரிவில் அடுக்கடுக்காக மர வீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் பூத்தொட்டி. சங்ககிரி வெயிலிலேயே தலைநரைத்த எனக்கு எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். என் வீட்டுக்காரரோடு படகில் ஒரு சுற்று. போர்வெல் லாரியோடு வருஷத்தில் பாதி நாள் வெளி மாநிலத்திலேயே கிடந்த மனுஷன். இரண்டு பேரும் சேர்ந்து ஓரிடம் சுற்றிப் பார்த்ததே கிடையாது.

அவரோ வந்ததிலிருந்து மதகைத் தேடினார். நம் பக்கம் ஏரி என்றால் மதகு இருக்கும், திறந்தால் வயலுக்குத் தண்ணீர் பாயும். இந்தத் தண்ணீர் எந்த ஊர் வயலுக்குப் போகிறது என்று கேட்டார். இது தானாக உண்டான ஏரி, மதகெல்லாம் கிடையாது என்று மகன் சொல்லிப் பார்த்தான். கேட்கிற ஆளா? பழைய தேவாலயத்தையும் பார்க்கவில்லை, கடைவீதியையும் பார்க்கவில்லை, கரையோரமாகப் போய்க்கொண்டே இருந்தார். மகன் டிக்கெட்டோடு நின்றான். கடைசிப் படகும் கிளம்பிவிட்டது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தேடிப் போனால், தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நாற்பது வருஷம் தண்ணீரைத் தேடினது போதாதா, என் ஞாபகமே வராதா என்று கேட்டேவிட்டேன். அவர் நிமிரவில்லை.

"மதகு இல்லீன்னு எனக்குந் தெரியும்," என்றார். "எனக்கு நீச்சத் தெரியாது புள்ள. எங்கூட்டுக் கெணத்துல நீந்தற அளவுக்குத் தண்ணி எப்பக் கெடந்துச்சு?"

ஆயிரம் அடி பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுத்தவர். அவருக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பையனிடம் சொல்லிவிடாதே என்றார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். நாலு பேர் பார்க்க அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மகன் வந்து கூப்பிடும்வரை அவரும் கையை எடுக்கவில்லை.

அவர் போய் இரண்டு வருஷமாகிறது. போனமாதம் மகன் போனில் கூப்பிட்டான். அப்பாவால்தானே அன்றைக்குப் படகு தவறிப்போனது, இந்தக் கோடைக்கு வாங்கம்மா, நான் கூட்டிப்போகிறேன் என்றான்.

"அப்பா மேல ஒண்ணுமில்ல சாமி," என்றேன். "எனக்குத்தான் தண்ணீன்னா பயம்."