வேப்பங்கிளையில் தொங்கிய மரமும் நிற்காத காற்றும்

என் பெயர் அருள்தாஸ். நெய்வேலி டவுன்ஷிப்பில் மரம் வெட்டும் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தவன். சபையில் எழுந்து பேசுவதென்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததை மனதுக்குள் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறப்பதற்கு முன் வந்த ஒரு கார்த்திகை மாதம். விடாத மழையில் செம்மண் களியாகக் குழைந்து கிடந்தது. குவார்ட்டர்ஸ் தெருவோரம் ஒரு தைலமரம் வேர் தளர்ந்து, வீடுகளின் பக்கம் சாய்ந்துவிட்டது. அதை எடுக்க என்னையும் கலியபெருமாள் அண்ணனையும் அனுப்பினார்கள். பல வருடமாக நீள ரம்பத்தின் ஒரு முனையை நான் பிடித்தால் மறுமுனையை அவர்தான் பிடிப்பார். அவர் மனைவி அஞ்சலை அண்ணி கழித்த கிளைகளை இழுத்து ஓரம் போடுவார். கட்டை ஏற்ற ராஜு டிராக்டர் கொண்டுவந்திருந்தான். அவர்கள் யாரும் நம் சபையார் அல்ல.

சாய்ந்த பக்கமே மரத்தை விழவிட முடியாது. அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். அதனால் மேலே கயிறு கட்டி, டிராக்டரால் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, விழவேண்டிய பக்கம் ஆப்பு மாதிரி ஒரு வாய் வெட்டி, பின்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தோம். வீடு தப்பியது. ஆனால் மரம் தரைக்கு வரவில்லை. பக்கத்து வேப்பமரத்தின் கவட்டையில் தலை மாட்டிக்கொள்ள, அடிமரம், வெட்டியபின் தரையில் மிஞ்சிய முண்டின் மேல் அரைகுறையாக உட்கார்ந்துகொண்டது.

விழுகிற மரத்தைவிட இப்படித் தொங்குகிற மரத்துக்குத்தான் நாங்கள் பயப்படுவோம். எப்போது வரும், எந்தப் பக்கம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதன் கீழே போகக் கூடாது. மேலே ஏறக் கூடாது. அதைத் தாங்கி நிற்கிற மரத்தை வெட்டவே கூடாது. அடிமரத்தில் வயர் ரோப் கட்டி, எட்ட நின்று டிராக்டரால் பின்னுக்கு இழுத்தால் தலை கழன்று விழும். அந்த ரோப்பைக் கட்டத்தான் அண்ணன் பக்கவாட்டில் போனார்.

கட்டிவிட்டுத் திரும்பினார். மரம் முண்டை விட்டு வழுக்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. பார்த்தால் அண்ணன் மல்லாந்து கிடக்கிறார். முழங்காலுக்குக் கீழே இடது கால் மரத்தடியில் மாட்டியிருந்தது. மண் குழைந்திருந்ததால் கால் நசுங்காமல் புதைந்திருந்தது. மரத்தின் தலைப்பாகம் இன்னும் வேம்பில்தான் தொங்கியது. மரம் ஒரு புரட்டு புரண்டால் அவர் நெஞ்சின் மேல்தான் வரும்.

அண்ணி ஓடிப்போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

“அண்ணி, வெளிய வாங்க. உருண்டா ரெண்டு பேரும் போயிடுவீங்க,” என்றேன்.

“நான் வர மாட்டன் தம்பி.”

அண்ணன்தான் சொன்னார்: “அஞ்சல, புள்ளைங்க வூட்ல இருக்குது. நீ அப்பால போ.”

அதன்பிறகே அண்ணி எழுந்தார். அண்ணன் முகத்தை விட்டுக் கண்ணெடுக்காமல், பின்பக்கமாகவே நடந்து போனார்.

குவார்ட்டர்ஸ்காரர்கள் கூடிவிட்டார்கள். “வேப்பமரத்த அறுத்தா இது கீழ வந்துடுமே, ஏம்பா பாத்துகினு நிக்கிறீங்க?” என்றார் ஒருவர். கிட்டே யாரும் வராதபடி பார்த்துக்கொள்ளும்படி அவரிடமே கெஞ்சினேன். ராஜு டிராக்டரிலிருந்து ஜாக்கியை எடுத்துவந்தான். மரத்தை லேசாகத் தூக்கினால் காலை உருவிவிடலாம் என்றான். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஜாக்கியோடு மண்டி போட்டேன்.

அப்போது காற்று எழுந்தது. மரம் முனகியது. ஜாக்கிக்குக் கீழே பலகை வைக்கப் போனேன். கை நடுங்கி, பலகை நிற்கவில்லை. அந்தப் பயத்தை எப்படிச் சொல்வேன்? எழுந்து ஓடிவிடு என்று உடம்பு முழுவதும் கத்தியது. “ஆண்டவரே, இந்தக் காத்த நிறுத்தும்,” என்றேன். வேறு ஒன்றும் வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

காற்று நிற்கவில்லை. முன்னைவிடப் பலமாக அடித்தது. அவ்வளவுதான், கைவிட்டுவிட்டார் என்று நினைத்து அண்ணாந்து பார்த்தேன். அந்த வீச்சில் தழையெல்லாம் ஒருபக்கமாக ஒதுங்கியது. மரத்தைத் தாங்கிய வேப்பங்கிளை தெரிந்தது. கவட்டையில் வெள்ளையாக ஒரு பிளவு. காற்று அடிக்க அது திறந்தது, விட்டதும் மூடியது. அதுவரை இலை மறைத்ததால் எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை.

அடிமரத்தை ஜாக்கியால் அசைத்திருந்தால் அந்தக் கிளை தாங்கியிருக்காது; மரம் மொத்தமும் அண்ணன் மேல் வந்திருக்கும்.

“ராஜு, ஜாக்கி வேணாம். மரம் அசையக் கூடாது.”

ரோட்டுப் பக்கம் இருந்த இன்னொரு மரத்தின் தூரில், தைலமரம் அண்ணன் பக்கம் உருளாதபடி கயிற்றை இறுக்கிக் கட்டினோம். இரண்டு பக்கமும் கட்டைகளை முட்டுக்கொடுத்தோம். ராஜுவை வெளியே போகச் சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்து, காலுக்குக் கீழே இருந்த மண்ணைக் கையால் தோண்டினேன். போகவே கூடாத இடத்தில்தான் படுத்திருந்தேன். ஒவ்வொரு முனகலுக்கும் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் கை நடுக்கம் நின்றிருந்தது. எப்போது நின்றதென்று எனக்குத் தெரியாது.

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: “உங்க ஆண்டவர்கிட்ட சொன்னியாடா?”

“சொன்னேண்ணா.”

“இன்னா சொன்னாரு?”

“தோண்டச் சொன்னாருண்ணா.”

அந்த வலியிலும் அவர் சிரிக்கப் பார்த்தார்.

மண் இளகி, கால் கீழே இறங்கி, மரத்துக்கும் அதற்கும் நடுவே விரல் நுழையும் சந்து கிடைத்தது. அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். அவர் அலறினார். நான் விடவில்லை. சேறோடு சேறாக ரோட்டுக்கு வந்து விழுந்தோம். அண்ணி எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

அண்ணனை அந்த வழியாக வந்த ஒரு ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, எல்லோரையும் தூர நிறுத்தினோம். முட்டுகளையும் கயிற்றையும் கழற்றாமல் அப்படியே விட்டுவிட்டு, ராஜு டிராக்டரை மெல்ல நகர்த்தினான். ரோப் விறைத்ததுதான், கிளை முறிந்தது. தைலமரம் கயிற்றை அறுத்துக்கொண்டு சுழன்று, நான் தோண்டிய குழியின் மேலேயே புரண்டது. ராஜு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். நான் ரோட்டிலேயே உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

அண்ணனுக்கு எலும்பு முறிந்திருந்தது. காலை எடுக்க வேண்டிவரவில்லை. இன்று லேசாகத் தாங்கித் தாங்கி நடக்கிறார். அவர்கள் தங்கள் சாமியைத்தான் கும்பிடுகிறார்கள். ஆனால் அண்ணிக்கு ஏதாவது கஷ்டம் வந்தால், “தம்பி, அன்னிக்குச் சொன்னீங்களே, அவருகிட்ட இதயும் சொல்லுங்க,” என்று எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். என் மனைவியும் நானும் அவரை உட்காரவைத்து ஜெபிப்போம்.

எனக்கு அந்த நாளுக்குப் பிறகு ஜெபமே மாறிவிட்டது. முன்பெல்லாம் ஆண்டவருக்கு நான்தான் வழி சொல்லிக்கொடுப்பேன். இப்போது என் பயத்தைச் சொல்லிவிட்டு, அவர் எதைக் காட்டுகிறார் என்று கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன்.

உங்களில் யாராவது இன்று நடுங்கிக்கொண்டு வந்திருக்கலாம். கேட்டது நடக்கவில்லை என்று மனம் விட்டுப்போயிருக்கலாம். நானும் அப்படித்தான் சேற்றில் மண்டி போட்டிருந்தேன். இன்னொரு முறை அவரைக் கூப்பிடுங்கள். பயத்தோடேயே கூப்பிடுங்கள், பரவாயில்லை. அந்தக் காற்றை நிறுத்தாத என் தேவனுக்கு ஸ்தோத்திரம்.