ஒரு காதுக்காக ஸ்ரீ கெம்பாங்கான் வரை

தொண்ணூறுகளின் நடுவில் பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி, கோலாலம்பூரில் பிளாஸ்டிக் சர்ஜரி பயிற்சியில் இருந்தேன். அப்போது கிள்ளானிலிருந்து வலது காது இல்லாமல் பிறந்த ஒன்பது வயதுக் கவிதா வந்தாள். அவளுடைய விலாவிலிருந்து குருத்தெலும்பை எடுத்து, காது வடிவில் செதுக்கித் தோலுக்கடியில் வைக்க வேண்டும்.

"நீயே செதுக்கு. நாங்கெல்லாம் பேஷண்ட்கிட்டதான் கத்துக்கிட்டோம்," என்றார் தலைமை மருத்துவர்.

"நான் அப்படிக் கத்துக்க மாட்டேன் டாக்டர்."

"ஆறு வாரம் தரேன். இல்லன்னா கேஸ் வேற ஆளுக்கு."

செதுக்கிப் பழக எடுத்த உருளைக்கிழங்கும் சோப்பும் உதவவில்லை. குருத்தெலும்பு கத்தியை எதிர்க்கும். அதிகம் வளைத்தால் சட்டென்று ஒடியும். சிலிகானில் முயலலாம் என்று தோன்றியது. அதை வார்க்கக்கூடிய ரப்பர் பட்டறை ஒன்று ஸ்ரீ கெம்பாங்கானில் இருந்தது.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு மினிபஸ், அறுபது சென். டவுனில் மாறி அடுத்த பஸ். மொத்தம் பதினெட்டு கிலோமீட்டர். நெரிசலில் எழுபது நிமிடம்.

"அங்க பேக்டரிதான் இருக்கு லா. என்ன, வேலைக்கா?" என்றார் டிரைவர்.

"காது செய்யணும் அண்ணே."

அவர் கண்ணாடியில் என் இரண்டு காதுகளையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். பாசார் என்கிற சந்தை முன்னால் இறக்கிவிட்டார்.

பட்டறைக்காரர் லிம், ரப்பர் வாஷர் செய்பவர். தோட்டப்புறத்தில் வளர்ந்ததால் தமிழ் பேசுவார். முதல் வார்ப்பு ஜெல்லி மாதிரி துள்ளியது. "மாவு போடலாம்," என்று சோளமாவைக் கலந்தார். மூன்றாவது சனிக்கிழமை வளைத்துப் பார்த்தேன். ஒடிந்தது! "ஒடிஞ்சா ஏன் சந்தோஷம்?" என்று அவர் குழம்பினார்.

பதினொரு காதுகள் செதுக்கி, தலைமை மருத்துவர் மேசையில் பரப்பினேன்.

"பொம்மை," என்றார்.

"இதுல ஏழு பாழ். அந்த ஏழும் கவிதாவோட விலாவா இருந்திருந்தா?"

மிச்சமிருந்த சிலிகான் துண்டு ஒன்றை எடுத்து அவரே செதுக்கினார். விளிம்பை வளைக்கையில் ஒடிந்தது. ஒடிந்ததை என் ஏழு பாழ்களோடு சேர்த்து வைத்தார்.

"திங்கட்கிழமை நீ செதுக்கு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

செதுக்க இரண்டு மணி நேரம் ஆனது. மடல் கொஞ்சம் தடிமன்தான். ஆனால் காதின் வடிவம் நின்றது. கட்டுப் பிரித்ததும் கவிதா கேட்டாள்: "மூக்குக் கண்ணாடி மாட்டினா நிக்குமா டாக்டர்?" காதைத் தலையிலிருந்து தூக்கி நிறுத்திய இரண்டாவது அறுவைக்குப் பிறகு கண்ணாடி நின்றது.

இப்படிப் பட்டறை தேடிப் போகிறவர்களுக்கு: மதியத்துக்குள் போய்விடுங்கள், சனிக்கிழமை சீக்கிரம் மூடுவார்கள். விளக்கிக்கொண்டிருக்காமல் கத்தியை எடுத்து வெட்டிக் காட்டுங்கள். மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்று என் பிரிவில் சிலிகானில் பத்துக் காது செதுக்காதவர் கையில் ஒரு குழந்தையின் விலாவைக் கொடுப்பதில்லை. நேர விரயம் என்று பயிற்சி மருத்துவர்கள் திட்டுகிறார்கள். திட்டட்டும்.