வலது கையால் ஒரு வாய்ச் சோறு

எனக்கு வயது எழுபத்தொன்று. காசிமேட்டில் மீன் விற்று ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு வரைதான். அதனால் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

போன ஆடி மாதம் ஒரு காலையில் வலது கை எழவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். உயிர் தப்பியது, காலும் மெல்லத் தேறியது. கை மட்டும் யாருடையதோ மாதிரி மடியில் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் சின்ன மருமகள், இதை எழுதுகிறவளின் அம்மா, சோறு பிசைந்து ஊட்ட வந்தாள். ஊருக்கே மீன் போட்ட கை என்னுடையது. இன்னொருத்தி ஊட்டி நான் தின்பதா? வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"எங்கையால துன்ன முடியறப்ப துன்னுக்கிறேன், போடி."

"அப்ப கைய ஆட்டு அத்த. ஆட்டாம வீராப்பு மட்டும் பேசிகினு கீற."

சுருக்கென்றது. அன்று இடது கையில் டம்ளரைப் பிடித்துக் கஞ்சி குடித்தேன். சோறு என்றால் வலது கையால்தான் என்று வைராக்கியம்.

ஆஸ்பத்திரியில் ஒரு பிசியோ பெண் பயிற்சி சொல்லித் தந்தாள். நல்ல கையால் வராத கையைப் பிடித்து மெதுவாகத் தூக்க வேண்டும். முழங்கையை மடக்கி நீட்ட வேண்டும். மணிக்கட்டைச் சுற்றி, விரல்களை ஒவ்வொன்றாக விரிக்க வேண்டும். எல்லாம் பத்துப் பத்துத் தடவை, காலையும் மாலையும். வலித்தால் நிறுத்திவிட வேண்டும். மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் முழங்கையைத் தாங்கிக்கொள்வாள்.

மீன்காரிக்குப் பத்தோடு நிறுத்தத் தெரியுமா? மேலே கொசுறு போட்டே பழகியவள் நான். மருமகள் கடைக்குப் போகும் நேரமெல்லாம் தனியாக உட்கார்ந்து கையை இழுத்தேன். தோள் வீங்கிவிட்டது.

"எத்தினி வாட்டி செஞ்ச பாட்டிமா?" என்றாள் பிசியோ பெண்.

"பத்துதான். கொசுறு கொஞ்சம் போட்டேன்."

"எத்தினி கொசுறு?"

"ஒரு... முப்பது."

சிரித்துவிட்டுத் திட்டினாள். "இது இன்னா மீன் கூறா? தோளு எறங்கிடும். ஒரு வாரம் கையத் தூக்காத. வெரல மட்டும் மடக்கி நீட்டு."

அந்த வாரம்தான் பயந்தேன். கை இப்படியே நின்றுவிடுமோ என்று அழுகை வந்தது. மருமகள் சோற்றுத் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். நான் வாயைத் திறந்தேன். முள் பார்த்து, "சூடா கீதா அத்த?" என்று கேட்டுக் கேட்டு ஊட்டினாள். அவமானமாக இல்லை.

வீக்கம் வற்றியபின் பத்துக்கு மேல் ஒன்றுகூட எண்ணவில்லை. தை மாதம் ஒரு மத்தியானம் விரல்கள் சங்கரா மீன் குழம்புச் சோற்றைப் பிடித்தன. பாதி சிந்தியது, பாதி வாய்க்கு வந்தது.

"சிந்துனத யாரு கூட்டறது?" என்றாள் மருமகள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"நீதான்டி" என்று அடுத்த உருண்டையை அவள் வாயில் வைத்தேன்.

என் கையை எனக்குத் திருப்பித் தந்தவள் அவள். இதை நேரில் சொல்ல இத்தனை மாதமாக வாய் வரவில்லை.

எழுதிட்டியா கண்ணு? உங்கம்மா அடுப்பாண்டதான் கீறா. அவ காதுல விழுறாப்ல, மொதல்லேர்ந்து படி.