கடைசி ஷிப்மென்ட்

வியாழக்கிழமை காலை ஆறு மணி நாற்பது நிமிடம். ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியின் பின்வாசலில் ஒரு லாரி நின்றிருந்தது. முதலில் கண்ணில் பட்டவை பாதங்கள். பச்சைப் பிளாஸ்டிக்கில் செய்த, விரல் பிரியாத பாதங்கள், ஜோடி ஜோடியாகக் கட்டி மரப்பெட்டிகளில் அடுக்கியிருந்தன. பெட்டிகளின் மேல் கம்போடியா முகவரி ஒட்டியிருந்தது.

இவற்றுக்கு லாஸ்டு என்று பெயர். தைத்த தோலை இதன் மேல் இழுத்துப் பொருத்தினால்தான் ஷூவுக்கு உருவம் வரும். எங்களிடம் ஷூ வாங்கும் அமெரிக்கக் கம்பெனி தன் அளவுக்குத் தானே லாஸ்டு செய்து, எங்களிடம் கொடுத்து வைத்திருந்தது. லாஸ்டு இங்கே இருக்கும்வரை ஆர்டர் வரும். அதைத் திருப்பிக் கேட்டால் அவர்கள் வேறு ஊர் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். தையல் லைனில் நேற்று சேர்ந்த பெண்ணுக்குக்கூட இது தெரியும்.

எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். பல வருடங்கள் நாளிதழில் செய்தி திருத்திவிட்டு இங்கே ஆங்கிலக் கடிதங்களைப் பார்க்க வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. காட்பாடியிலிருந்து தினமும் ரயிலில் வருகிறேன். மேனேஜர் கான்பூர்க்காரர், தமிழ் படிக்கத் தெரியாது. திங்கட்கிழமை அந்த அமெரிக்கக் கம்பெனியின் மெயில் ஒன்றை அச்செடுத்துக் கொடுத்து, “இதைத் தமிழில் எழுதி போர்டில் போடுங்கள், ஆட்களுக்குத் தெரியட்டும்” என்றார். லாஸ்ட் ஷிப்மென்ட் வியாழக்கிழமை கிளம்ப வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பத்திரிகையில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். ‘கடைசி ஷிப்மென்ட் வியாழக்கிழமை’ என்று எழுதி ஒட்டினேன்.

அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை ஏற்றியிருந்த சமயம் அது. லைனில் எல்லோருக்கும் உள்ளூரப் பயம். நோட்டீஸைப் பார்த்ததும் பயம் கொஞ்சம் தணிந்தது. கடைசி ஷிப்மென்ட் ஒவ்வொரு சீசனிலும் உண்டு. அது போனால் அடுத்த சீசன் சாம்பிள் வரும்.

நாலாம் லைன் சூப்பர்வைசர் மட்டும் என் மேஜைக்கு வந்து கேட்டாள். அந்த லைன் முழுவதும் அமெரிக்க ஆர்டர்தான். அவள் பதினாறு வருடம் மெஷினில் உட்கார்ந்து, போன வருடம்தான் சூப்பர்வைசரின் நீலக் கோட்டு போட்டவள். பத்திரிகையிலிருந்து வந்ததால் அவளுக்கு நான் ‘பேப்பர் சார்’.

“இன்னா, பேப்பர் சார், கடைசின்னா சீசன் கடைசிதானே?”

“ஆமாம்மா.”

“நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. புதன்கிழமை எனக்கு ராணிப்பேட்டைல இன்டர்வியூ. அந்தப் புதுக் கம்பெனி, சூப்பர்வைசர் வேலைக்கு. ஒரே நாள்தான் வெச்சிருக்காங்க.”

அந்தப் புதுக் கம்பெனி தோல் இல்லாத விளையாட்டு ஷூ செய்வது, முதலாளி வெளிநாட்டுக்காரர். தோல் அல்லாத காலணிக்கென்று அரசு தனிக் கொள்கை வகுத்து நிலமும் சலுகையும் கொடுத்ததால் வந்தவர்கள். செலவு குறைந்த இடம் தேடி அலையும் ஒரே உலகச் சந்தைதான் எங்கள் ஆர்டரை வெளியே கொண்டுபோனதும் அவர்களை உள்ளே கொண்டுவந்ததும். இதை அன்று நான் யோசிக்கவில்லை.

“சீசன் கடைசிதான்” என்றேன்.

“அப்ப நான் போவல. அங்க போயி யாருன்னே தெரியாத பொண்ணுங்களை வெச்சிக்கிட்டு பேஜார் ஆவணும். இங்க என் லைன் இருக்குது.”

பக்கத்தில் நின்ற கட்டிங் செக்ஷன் பாய் சிரித்தார். “பேப்பர்ல வந்தா நம்ப மாட்டோம். பேப்பர்காரர் போர்டுல ஒட்டினா நம்பிடுறோம்.”

புதன்கிழமை அவள் வழக்கம்போல் வேலைக்கு வந்தாள். ஒரு மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்ததால் மதியச் சாப்பாட்டுக்குத் தாமதமாகப் போனாள்.

வியாழக்கிழமை லாரியைப் பார்த்தபோது என் கையில் மெயிலின் நகல் இருந்தது. மறுபடி படித்தேன். அதில் ஷூ என்றோ அட்டைப்பெட்டி என்றோ ஒரு சொல்கூட இல்லை. எத்தனை சைஸ், எத்தனை ஜோடி, எத்தனை மரப்பெட்டி என்று மட்டும் இருந்தது. ஷூவை யாரும் மரப்பெட்டியில் அனுப்புவதில்லை.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவள் வந்தாள். பின்வாசல் வழியாகத்தான் தையல் கூடத்துக்குப் போக வேண்டும். லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவர் பெட்டியைத் தூக்கியபடியே, “லாஸ்டு போவுதும்மா, ஓரமா போ” என்றார். அவள் நின்று, பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பாதத்தை எடுத்து, குதிகாலில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தாள். இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு நான் நின்ற பக்கம் வந்தாள்.

“மெயில்ல இன்னா சார் போட்டிருந்திச்சி?”

“லாஸ்ட் ஷிப்மென்ட்னு.”

“அதை அப்டியே எழுதியிருக்கலாமே சார். லாஸ்டுன்னு போட்டிருந்தா எங்களுக்குப் புரிஞ்சிருக்கும்.”

தவறு என்னுடையது என்றேன். அவள் தலையசைத்தாள். முதல் மணி அடித்தது, உள்ளே போனாள்.

மத்தியானம் நான் ராணிப்பேட்டை கம்பெனிக்கு போன் செய்தேன். எடுத்த பெண் மரியாதையாகப் பேசினாள். சூப்பர்வைசர் இடங்கள் நிரம்பிவிட்டன, மெஷின் ஆபரேட்டர் என்றால் பெயர் கொடுக்கலாம் என்றாள். அதை நாலாம் லைனுக்குப் போய்ச் சூப்பர்வைசரிடம் சொன்னேன். “ஆபரேட்டர் வேலை இங்கயே இருக்குது சார்” என்றாள்.

மாதக் கடைசியில் நாலாம் லைனை மூடினார்கள். அடுத்த திங்கட்கிழமை அவள் நீலக் கோட்டைத் துவைத்து மடித்து ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு, இரண்டாம் லைனில் பதினோராவது மெஷினில் உட்கார்ந்தாள்.