காந்தம் ஒட்டிய குடம்

என் அக்கா வீட்டில் ஓர் எவர்சில்வர் குடம் இருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு மேல் தண்ணீர் பிடித்தும் அதில் பொட்டுத் துரு கிடையாது. போன தை மாதம் அங்கே போயிருந்தேன். சிங்கப்பூரில் வெல்டர் வேலை பார்த்துவிட்டு வந்திருந்த அக்கா மகனிடம் பேச்சுவாக்கில், "இது எவர்சில்வரே இல்லடா, காந்தம் ஒட்டும்" என்றேன். அவன் சிரித்தான்.

"யாரு சொன்னா சித்தி? ஸ்டெயின்லெஸ்னா கறை புடிக்காது, துரு புடிக்காது, அவ்வளவுதான் அர்த்தம். அதுல காந்தம் ஒட்டுறதும் இருக்கு, ஒட்டாததும் இருக்கு. இது நல்ல சரக்கு."

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குக் கடைத்தெருவுக்குப் போய்விட்டான்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. அன்றும் இன்றும் அப்படித்தான். ஒரே ஒருமுறை சபையில் வாய் திறந்தேன். அது அக்கா கல்யாணத்தன்று.

மாப்பிள்ளை வீட்டார் பாத்திரமெல்லாம் எவர்சில்வராக இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா தன் பித்தளை அண்டாக்களைச் சைக்கிளில் வரும் பாத்திரக்காரரிடம் மாற்றிக்கொண்டாள். பேரம் ஒரு பகல் முழுக்க நடந்தது. அவர் ஒரு தம்ளரைக் கவிழ்த்து அடியில் இருந்த எழுத்தை எனக்குக் காட்டினார். "பாரு பாப்பா, ஸ்டெயின்லெஸ்னு போட்டிருக்கு. காந்தம் ஒட்டலைன்னா ஸ்டெயின்லெஸ். ஒட்டுச்சுன்னா வெறும் இரும்பு." அம்மாவிடமிருந்து தப்பித்தால் போதும் என்று ஒரு காந்தத் துண்டையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குத் தெரிந்த ஒரே பெரிய இங்கிலீஷ் வார்த்தை அதுதான். மாட்டுக்கொட்டகைக் கொக்கி முதல் கிணற்று உருளை வரை ஒட்டிப் பார்த்து, அந்த வார்த்தையில் பண்டிதையாகிவிட்டேன்.

முகூர்த்தத்துக்கு முன்னால் பந்தலில் ஜமுக்காளம் விரித்துச் சீர்ப் பாத்திரங்களைப் பரப்பியிருந்தார்கள். நடுவில் தாய்மாமன் சீராக ஒரு பெரிய குடம். என் மாமா, அம்மாவின் தம்பி, வேதாரண்யத்தில் உப்பளத்தில் வேலை செய்தவர். அந்தக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்திருந்தார்.

மாப்பிள்ளையின் அத்தை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். "எல்லாம் அசல்தானா சம்பந்தி?" என்றாள்.

"நான் பாத்துச் சொல்றேன்" என்றேன், அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"அட, வாயில்லாப் பூச்சி பேசுதே!" என்று பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தூக்கு, அடுக்கு, தாம்பாளம் என்று வரிசையாகக் காந்தத்தை வைத்தேன். எதிலும் ஒட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் "ஸ்டெயின்லெஸ்" என்று உரக்கச் சொன்னேன். அத்தைகூடத் தலையாட்டினாள். மாமாவின் குடத்தில் வைத்தேன். டக்கென்று பிடித்துக்கொண்டது. கையை எடுத்தும் விழவில்லை.

"இது ஸ்டெயின்லெஸ் இல்ல. வெறும் இரும்பு" என்றேன். பாடம் ஒப்பிக்கிற அதே குரலில்.

"ஏங்க சம்பந்தி, தாய்மாமன் சீருன்னு இரும்பைத் தேச்சு மினுக்கிக் கொண்டாந்துட்டாரா? உப்பளத்துல வேற என்ன கெடைக்கும்!" என்றாள் அத்தை. பந்தலே சிரித்தது. மணையில் உட்காரப் போகிற அக்கா வாசற்படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா மடிப்புக் கலையாத புது வேட்டியோடு நின்றார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமலே, "அதைத் தூக்கிட்டுப் போயி உள்ள வைடி" என்றாள்.

நான் குடத்தை உள்ளே வைக்கும்போது மாமா அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னது காதில் விழுந்தது. "அக்கா, நாகப்பட்டினத்துல கேட்டுக்கேட்டு வாங்குனது. பத்து நாளு உப்புத்தண்ணி ரொப்பி வெச்சுப் பாத்தேன். ஒண்ணும் ஆவல. எங்க ஊரு உப்புக்கே தப்பிச்சிருச்சுக்கா."

"இப்ப அதை யாருகிட்டடா போயிச் சொல்றது? மானம் போச்சு. போ, போயி மாலையை எடுத்துக் குடு."

மாமா வீட்டில் ஜன்னல் கம்பி பொருக்குப் பொருக்காக உதிரும். வாளி ஒரு மழைக்காலம் தாங்காது. துரு என்றால் என்ன என்று எங்கள் குடும்பத்தில் அவருக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? அன்றைக்கோ, அகப்பட்டுக்கொண்டவர் சொல்லும் சமாதானமாகத்தான் எனக்குப் பட்டது.

அந்தக் குடம் பிற்பாடு அக்கா வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. மாமாதான் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. என் கல்யாணத்துக்கும் வரவில்லை. பித்தளைக் குடம் ஒன்றை ஆள் மூலம் அனுப்பிவைத்தார். இப்போது போய்ச் சொல்லலாம் என்றால் அவர் இல்லை. அக்கா மகன் சொன்னதை அக்காவிடம்கூட நான் இன்னும் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று மத்தியானம் அடி விழும் என்று பயந்து வைக்கோல்போருக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். மாலை எடுத்துக் கொடுத்து முடித்த மாமா, சமையல்காரர்களிடம் வந்து கேட்டார்.

"பாப்பாவைக் காணுமே. சாப்பிட்டுச்சா?"

"இங்கதாங்க எங்கயாச்சும் நிக்கும்."

"பயந்துகிட்டு நிக்கும். கூப்பிட்டு ஒரு எலை போட்டுருங்க."

அவருடைய செருப்புச் சத்தம் பஸ் ரோட்டுப் பக்கம் போய்த் தேய்ந்தது. மாமாவுக்குக் கோபமில்லை என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. பந்தியில் போய் உட்கார்ந்து பாயசம் இரண்டுமுறை வாங்கிக்கொண்டேன். அம்மா கையில் கரண்டியோடு வந்தாள். "மாமா எங்கடி? எந்தப் பந்தியிலயும் காணலியே?"

"அவரு ஊருக்குப் போயிட்டாரும்மா. கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றேன், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

அவ்வளவு விருந்தாளிகளை விட்டுவிட்டு, அம்மா கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் பஸ் ரோட்டைப் பார்த்து எதற்காக ஓடினாள் என்று எனக்குப் புரியவில்லை.