வாசிக்காத மிருதங்கம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, செம்பூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது இது. எனக்கு முலுண்டில் வீடு. வாரம் முழுக்க ஆபீஸில் குமாஸ்தா, ஞாயிறு வந்தால் மிருதங்க வித்வான். வித்வான் என்று நானே சொல்லிக்கொள்வதுதான், வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் செம்பூர், மாட்டுங்கா பக்கத்துச் சின்னச் சபாக்களில் யாராவது கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டால் என் போன்தான் அடிக்கும்.

அன்றும் அடித்தது. பேசியவர் செம்பூர் சபா ஒன்றின் செயலாளர், எனக்குப் பல வருடப் பழக்கம். அவருடைய மகள் ஸ்காட்லாந்தில் படிக்கிறாள். அவள் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் மும்பை பார்க்க வந்திருக்கிறாராம். அந்த நாட்டுப் பழைய பாட்டுகளைப் பாடுவதில் அங்கே பேர்பெற்றவராம். அன்று சாயங்காலம் சபாவில் பாடுகிறாராம்.

"கூட வாசிக்க ஒருத்தரும் இல்லாம தனியா வந்திருக்காடா, பாவம். மேடையில அவாளை வெறுமனே உட்கார வெச்சா நமக்குன்னா அசிங்கம்? நீ வந்துடு. டென்ஷன் எடுத்துக்காதே, சும்மா அட்ஜஸ்ட் பண்ணி வாசி" என்றார்.

எந்த வாத்தியமும் இல்லாமல் பாடுவதுதான் அந்த அம்மாளின் கலையே என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. பக்கவாத்தியம் இல்லாத கச்சேரி என்றால் நமக்குக் குழம்பில்லாத சாதம்தானே. தண்டவாள வேலைக்காக ரயில்களைக் குறைத்துவிடும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் வேறு. மிருதங்கத்தைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, குர்லாவில் ரயில் மாறி, வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தேன்.

அவருக்கு அறுபது வயதிருக்கும். நரைத்த குட்டை முடி, பருத்திச் சட்டை. என் மிருதங்கத்தைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். விருந்தாளியாக வந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை போலிருக்கிறது. உங்கள் சுருதி என்ன என்று இங்கிலீஷில் கேட்டேன். அன்றைக்குத் தொண்டை எங்கே நிற்கிறதோ அதுதான் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு வரி முனகிக் காட்டச் சொல்லி, கல்லும் கையுமாக மிருதங்கத்தைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்துவைத்தேன். மேடையில் அவர் ஆரம்பித்தது வேறு சுருதியில்.

மைக்கை ஓரமாக நகர்த்தினார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு பாடினார். நானும் விடவில்லை. பாட்டில் வரும் கதைக்குத் தேவைப்பட்ட இடத்தில் அவர் ஒரு சொல்லை நீட்டுவார். நான் அதற்குள் தீர்மானம் என்கிற முடிப்புச் சொற்கட்டை வைத்துக் கம்பீரமாக வந்து இறங்குவேன், அங்கே அவர் இருக்கமாட்டார். முதல் வரிசையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த மாமா ஒருவர் ஆதியிலிருந்து ரூபகத்துக்கு மாறிப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். போகப்போக அந்த அம்மாள் என் அடிக்குப் பின்னாலேயே ஓடிவரத் தொடங்கினார். பாட்டு எப்படியோ முடிந்தது. தடுமாறியவரை நான்தான் தூக்கி நிறுத்தினேன் என்று எனக்கு ஒரே பெருமை!

தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பாட்டைப் பற்றிச் சொன்னார். சின்ன வயதில் பெர்ரிப் பழம் பறிக்கும் கூலி வேலைக்குப் போவாராம். அங்கே பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த பெண் கற்றுக்கொடுத்த பாட்டு இது. அந்தப் பெண் இப்போது இல்லை. எங்கே பாடினாலும் அவளைச் சொல்லிவிட்டுத்தான் பாடுவாராம். தம்பியோடு சண்டை போட்டு, பேசாமலே அவனைக் கடலுக்கு அனுப்பிவிட்ட ஒரு அக்காவின் கதை. படகு திரும்பவில்லை. அன்று சொல்லாமல் விட்டதையெல்லாம் அவள் தினமும் கரையில் நின்று சொல்கிறாள். இதைப் பாடத்தான் வந்தேன் என்று முடித்தார்.

முதல் வரியை எடுத்தார். நான் கையை ஓங்கினேன். அப்போதுதான் பார்த்தேன், அவருடைய தோள் இரண்டும் இறுகி மேலே ஏறியிருந்தன. விரல்கள் முழங்காலைப் பற்றியிருந்தன. ஊசி போடும் நர்ஸ் முன்னால் நாம் உட்காருவோமே, அப்படி. என் அடி எப்போது விழும் என்று பயந்துகொண்டு பாடுகிறார் என்பது உறைத்தது.

ஓங்கிய கையை மெதுவாக மடியில் வைத்தேன். சொன்னால் சுலபமாக இருக்கிறது. எனக்கு வாய்ப்புக் கொடுப்பவர்கள் அத்தனை பேரும் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். வாசிக்கத் தெரியாமல் முழிக்கிறான் என்றுதானே நினைப்பார்கள்? செயலாளர் புருவத்தைத் தூக்கி, "வாசி, வாசி" என்று விரலால் காற்றில் தட்டிக் காட்டினார். நான் அவரைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இரண்டாவது வரியில் அந்த அம்மாளின் தோள் இறங்கியது. அதற்குப் பிறகு கேட்டதை எப்படிச் சொல்ல? குரலில் அலங்காரம் இல்லை, முகத்தில் அழுகை இல்லை. அக்கா சொல்வதை நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பதைத் தவிர அவர் எதுவும் செய்யவில்லை. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் நிறுத்தினார். அந்த இடைவெளியில் பக்கத்து பில்டிங்கில் குக்கர் விசில் அடித்தது, அது அடங்கும்வரை நிதானமாக இருந்துவிட்டுத் தொடர்ந்தார். இப்படி ஒரு இடைவெளியை என் வாழ்நாளில் நான் சும்மா விட்டதே இல்லை. பாட்டு முடிந்தபோது தாளம் போட்ட மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்ததும் அந்த அம்மாள் என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். செயலாளர் காபியை நீட்டியபடி, "டேய், இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான்டா நீ நன்னா வாசிச்சே" என்றார். கிண்டல்தான். ஆனாலும் அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

போன வருடம் அம்பர்நாத்தில் இருக்கும் என் அண்ணாவின் மனைவி, என் மன்னி, தவறிவிட்டார். நான் சும்மா இருக்கத் தெரியாதவன். துக்க வீட்டில் என் வாய்தான் முதலில் ஆறுதல் சொல்லக் கிளம்பும். அன்று அண்ணாவின் பக்கத்தில் உட்கார்ந்தபோதும் அப்படித்தான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் கழித்து, மன்னியிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவனே ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். நான் வாயைத் திறந்திருந்தால் அதில் ஒரு சொல்கூட வெளியே வந்திருக்காது.